முற்றத்துச் சந்துக்கு வெள்ளை

டைல் ஒட்டுகிறவன் முதுகு ஒடிய எத்தனை டைல் பதித்தாலும், வருகிறவர்கள் குனிந்து பார்ப்பது ரெண்டு டைலுக்கு நடுவில் இருக்கிற சந்தைத்தான். கொத்துக் கரண்டி பிடித்து வயிறு வளர்க்கிற சகோதரர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வீட்டுக்காரர்கள் படித்தாலும் திருந்தப் போவதில்லை.

போர்சலைன் டைல் நம்ம ஊர் முற்றங்களுக்கு வந்த புதிது. தோவாளையில் தங்கராஜ் அண்ணாச்சி, துபாயில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு வந்து கட்டிய வீடு. பால்காய்ச்சுக்கு இரண்டு வாரம் இருந்தது. பக்கத்து மனையில் அவர் தம்பி வீடும் எழும்பிக்கொண்டிருந்தது. பால்காய்ச்சு அன்று முற்றத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டு வேலை எனக்கா வேறு ஆளுக்கா என்று சொல்வதாகத் தம்பி சொல்லியிருந்தார். ஊரே கால் வைக்கப் போகிற முற்றம். அது கெட்டால் தோவாளையில் எனக்கு வேலையும் இல்லை, பேரும் இல்லை.

கோடு தெரியக் கூடாது

சந்து சமமாக வர ஸ்பேசரை வைத்ததுமே அண்ணாச்சி வந்துவிட்டார். டைலை ஒட்ட ஒட்ட வைக்கணுமாம். வெயிலில் டைல் விரியும், இடம் இல்லாவிட்டால் ஒன்றையொன்று நெருக்கித் தூக்கிக்கொள்ளும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். கேட்டால்தானே! கரண்டியைக் கழுவிச் சாக்கில் போட்டுச் செருப்பை மாட்டினேன். அப்புறம்தான் இறங்கி வந்தார். மூன்று மில்லி சந்துக்குச் சம்மதித்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார்: "துபாய்ல ஒரு மால்லயும் நான் கோடு பாத்ததில்ல. உமக்கு நெருக்கி வைக்கத் தெரியலேன்னு சொல்லும், விட்டிருதேன்."

வடசேரிக் கடை

சந்தை அடைக்க வெளியிடத்துக்கான கிரவுட் பவுடர், அடர் சாம்பல் நிறம், தண்ணீருக்குப் பதில் ஊற்றிப் பிசைகிற லிக்விட் ஒரு கேன். தெளிவாகத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சியும் அவர் மனைவியும் வாங்கி வந்தது குளியலறைச் சுவருக்குப் போடுகிற வெள்ளைப் பவுடர். லிக்விடே கிடையாது. சவத்து எளவு! வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற முற்றத்துக்கு இதுவா? அண்ணாச்சி மனைவி எனக்கு மயினிதானே. மயினி அசையவில்லை, வெள்ளை போட்டால்தான் வீடு வெளிச்சமாக இருக்குமாம்.

வெப்ராளம் தாங்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு வடசேரிக்குப் போய்க் கடைக்காரரிடம் கத்தினேன். அவர் சாயா கிளாசைக் கீழே வைக்காமலே சொன்னார்: "எல்லாம் ஒரே மாவுதாம் மக்கா, பையில உள்ள படந்தான் வேற."

பூ வந்து இறங்கியது

வெள்ளையையே அடைத்தேன். என் தப்பு அதுதான். அன்றைக்கும் செருப்பை மாட்டியிருக்க வேண்டும்.

வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாக வருகிற டைல் அது. மேலே படிகிற பவுடரை ஈரப் பஞ்சால் திரும்பத் திரும்பத் துடைத்து எடுப்பதற்குள் முட்டி கழன்றுவிடும். மூன்று நாளைக்குக் காலும் படக்கூடாது, தண்ணீரும் படக்கூடாது என்று சொல்லிக் கயிறு கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை போனால் கயிற்றைக் காணோம். மயினி வீட்டார் பூ வியாபாரிகள். ஏதோ கல்யாண ஆர்டராம். மஞ்சள் கிரேந்திப் பூவும் சிவப்புக் கோழிக்கொண்டைப் பூவும் மூட்டை மூட்டையாக முற்றத்தில் கொட்டி, வாடாமல் இருக்க வாளித் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்துக்கொண்டு மாலை கட்டுகிறார்கள். பூவை ஒதுக்கிப் பார்த்தேன். என் வெள்ளைச் சந்து ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் சிவப்பு. விரலை வைத்தால் மாவாக வருகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மயினி பூத்தொடுத்த கையோடு எழுந்து வந்து சொன்னார்: "சிமென்ட்டுன்னா தண்ணி ஊத்தணும்லா? ஒங்களுக்கு ஒரு வேலை மிச்சம்னு நெனச்சுக்கிடுங்க கொத்தனாரே."

பால்காய்ச்சு

நாலு நாள் சந்து சந்தாக பிளேடால் சுரண்டி எடுத்தேன். விரல் நுனியில் தோல் இல்லை. யாரையும் கேட்காமல் நானே சாம்பல் கிரவுட்டும் லிக்விடும் வாங்கி வந்து அடைத்தேன். இந்தத் தடவை கயிற்றை நம்பவில்லை. நாற்காலி போட்டு நானே காவல் இருந்தேன். ஒரு பூக்கூடையைக் கண்டாலும் குரைத்தேன்.

பால்காய்ச்சு அன்று காலையில் நல்ல மழை. அத்தனை பேர் சேற்றுக் காலோடு மிதித்தும் ஒரு சந்துகூட நிறம் மாறவில்லை. வந்தவர்கள் முற்றத்தைப் பார்த்து மெச்சினார்கள். அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தம்பியிடம் சொன்னார்: "கொத்தனாரு வெள்ளைதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. நான்தாம்டே சாம்பல் போடச் சொன்னேன்."

பாயச டம்ளரைக் கீழே வைத்தேன். வாயைத் திறப்பதற்குள் தம்பி என் தோளில் கை போட்டார்: "நம்ம வீட்டு வேலையும் உங்களுக்குத்தான். ஆனா ஒரு காரியம், நம்ம முற்றத்துல கோடே தெரியப்பிடாது, கேட்டியளா."

வேலையை ஒத்துக்கொண்டேன், சகோதரர்களே. அந்த வீட்டில் மட்டும் செருப்பைக் கழற்றாமலே வேலை செய்தேன்.