பின்சக்கரத்துக் காற்று

எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் வாசல் ஒன்றுதான். பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை விட்டு மலைப்பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் உள்ளே போனால் எங்கள் தெரு. இரண்டு ஓட்டு வீடுகள் எதிரெதிராகப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் ஏழாவது படித்த வருஷம் அந்த வாசலுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கோடு விழுந்தது.

கோட்டைப் போட்டது ஒரு கல்யாணப் பத்திரிகை. பெரியப்பா மகளின் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில் அப்பாவின் பெயர் நாலைந்து பேருக்குக் கீழே, கடைசிக்கு முந்தின வரியில் வந்திருந்தது. அச்சடித்தவன் செய்த தப்பு என்றார் பெரியப்பா. ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டார் அப்பா. கல்யாணத்துக்குப் போய் மொய் வைத்துவிட்டு, பந்தியில் உட்காராமல் திரும்பி வந்தவர்தான். அண்ணன் தம்பி இருவரும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. பெரியவர்கள் பேசாதபோது எங்களுக்கும் பேச்சு இல்லை. கோட்டைத் தாண்டி அங்கேயும் இங்கேயும் போய்வந்ததெல்லாம் கோழிகள் மட்டும்தான்.

எனக்கு ஒரு சைக்கிள் இருந்தது. மாமா மகள் ஓட்டிப் பழசாக்கிக் கொடுத்தது. நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போவேன். காற்றடிக்கிற பம்பு பெரியப்பா வீட்டில் இருந்தது. சண்டைக்கு முன்னால் அது யாருடைய பம்பு என்று யாரும் யோசித்ததில்லை. சண்டைக்குப் பிறகு அது அவர்களுடைய பம்பு ஆகிவிட்டது.

ஒரு நாள் பின்சக்கரத்தில் முள் ஏறியது. அப்பா பம்பு செட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். ஒரு நூல் பிசகாமல் இரும்பைக் கடைகிறவன் சைக்கிள் டியூப்புக்காகக் கடைக்குப் போவதா என்பது அவர் கேள்வி. கம்பெனியிலிருந்து ஒரு பம்பை இரவல் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டார். அம்மாவின் இரண்டு கரண்டிகளை விட்டு டயரை நெம்பி டியூப்பை உருவினார். காற்றடித்து, வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கினார். ஓரிடத்தில் தண்ணீர் கொதிப்பதுபோலக் குமிழி கிளம்பியது. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பழைய டியூப்பிலிருந்து ஒரு துண்டை வட்டமாக வெட்டி, ஒட்டுகிற சொல்யூசன் தடவி, ஊதிக் காயவைத்து ஒட்டினார். ஒட்டியதன்மேல் அம்மிக் குழவியை வைத்து அழுத்தினார்.

எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "இனி டியூப்பே கிழிஞ்சாலும் கிழியும், இந்த ஒட்டு பேராது" என்றார். எதிர்வீட்டில் பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

அப்பா சொன்னது பலித்தது. தினமும் காலையில் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். கல் மாதிரி இருக்கும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கொஞ்சம் தொய்ந்திருக்கும். நாள் முழுக்க உழைத்தால் சக்கரத்துக்கும் களைப்பு இருக்காதா என்று நினைத்துக்கொள்வேன். ராத்திரி தூங்கி எழுந்தால் அதற்கும் தெம்பு வந்துவிடுகிறது.

வால்பாறையில் எஸ்டேட் வேலையில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு, மகளைப் பார்க்கப் பெரியப்பாவும் பெரியம்மாவும் கிளம்பிப் போனார்கள். பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த அண்ணன், அதாவது பெரியப்பா மகன், மட்டும் வீட்டில் இருந்தான். அவர்கள் போன மறுநாள் காலை பின்சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது.

அன்றைக்குப் பார்த்து எங்கள் பள்ளிக்கூடத்து கோ-கோ அணி மேட்டுப்பாளையத்துக்கு விளையாடப் போக வேண்டியிருந்தது. ஏழரைக்கு வேன். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெயின் ரோட்டுக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் காற்றடித்துவிட்டு, விரலில் எச்சில் தொட்டு, டியூப்பில் காற்று ஏறுகிற மவுத்து மேல் வைத்துப் பார்த்தார். குமிழி வரவில்லை.

"மவுத்து நல்லாத்தான் இருக்குது அம்மணி. யாராச்சும் காத்தை எறக்கி உட்டுருப்பாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது வேன் போய்விட்டிருந்தது. காலியான மைதானத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குப் பதிலாக வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார்.

அடுத்த நாளும் காற்று இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. பெரியவர்கள் இருந்தவரை ஒழுங்காக இருந்த சக்கரம், அண்ணன் தனியாக இருக்கிற நாளில் மட்டும் ஏன் இறங்குகிறது? கணக்கில் நான் கெட்டிக்காரி. மூன்றாம் நாள் காலை வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதுகொண்டு கத்தினேன்.

"நீங்கதானுங்ணா காத்தைப் புடுங்கி உட்டீங்க! எனக்குத் தெரியும்!"

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து வந்தார். எட்டு மாதம் கழித்து முதல்முறையாகக் கோட்டைத் தாண்டினார். பல் துலக்கிக்கொண்டிருந்த அண்ணன் வாயில் நுரையோடு நிமிர்ந்தான்.

"ஊட்ல பெரியவீக இல்லீன்னா கேக்கறதுக்கு ஆளில்லன்னு நெனச்சியாடா?"

"நாந் தொடவே இல்லீங் சித்தப்பா."

அண்ணன் கன்னத்தில் அறை விழுந்தது. அப்பா எங்களை அடித்ததில்லை. அதனால் எப்படி அடிப்பது என்று அவருக்கு அளவு தெரியவில்லை. அம்மா ஓடிவந்து, "ஏனுங், தோளுக்கு மேல வளர்ந்த பையன் மேல கை நீட்டுவீங்களா?" என்று இழுத்தார். அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சனிக்கிழமை பெரியப்பாவும் பெரியம்மாவும் திரும்பி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சக்கரம் கல் மாதிரி இருந்தது. அடி நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

வேனை விட்டவள் என்பதால் பி.டி. டீச்சர் என்னைக் காலை ஆறரை மணிப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தார். முதல் நாள் விடியும்போதே எழுந்து வாசலுக்கு வந்தேன். என் சைக்கிள் பக்கத்தில் யாரோ குந்தியிருந்தார்கள். பெரியப்பா. பம்பு சத்தம் போடாமலிருக்க அதன்மேல் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், திருடும்போது பிடிபட்டவர் மாதிரி எழுந்துகொண்டார்.

"ஏங்கண்ணு, இந்நேரத்துக்கே எந்திரிச்சுட்டே?"

நான் அவர் கையிலிருந்த பம்பையே பார்த்தேன். அவரே மெல்லிய குரலில் சொன்னார்.

"அப்பங்கிட்டச் சொல்லிப்போடாத சாமி. ஒட்டுப் போட்டும் காத்து நிக்கிலீன்னு தெரிஞ்சா மனசு நொந்துக்குவான். சின்னதுல இருந்தே அவங் கைவேலையக் குத்தஞ் சொன்னா அவனுக்குச் சோறு எறங்காது."

"அப்ப அண்ணன் காத்தை எறக்கலீங்களா பெரியப்பா?"

"அவனா? அவன் எதுக்குக் கண்ணு எறக்கறான்?" அவர் முகத்தில் உண்மையாகவே ஒன்றும் தெரியாத குழப்பம் இருந்தது. அறையைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அன்றைக்குப் பயிற்சியில் நான் இரண்டு முறை விழுந்தேன். சாயங்காலம் குழாயடியில் அண்ணன் தனியாக இருந்தபோது போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"ஏனுங்ணா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல?"

அவன் குடம் நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கப்பா அடிக்கற காத்துன்னு சொன்னா உங்கப்பா சைக்கிளத் தூக்கி உள்ள வெச்சுக்குவாரு. அப்பறம் நீ நடந்துதான் போவோணும்." குழாயை மூடிவிட்டு, "அடிச்சத எங்கப்பாகிட்டச் சொல்லீராத. அவுரு தாங்கமாட்டாரு" என்றான்.

பெரியப்பா அடிக்கிற காற்றை அப்பாவிடம் சொல்லக்கூடாது. அப்பா அடித்த அடியைப் பெரியப்பாவிடம் சொல்லக்கூடாது. இதற்கெல்லாம் காரணம் நான்தான் என்பதை யாரிடமும் சொல்ல முடியாது. மூன்றையும் உள்ளே வைத்துக்கொண்டு நான்கு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் மாமா வந்திருந்தார். சாப்பிட்டு முடித்த அப்பா அவரை வாசலுக்குக் கூட்டிவந்து, என் சைக்கிளைக் காட்டினார்.

"நானே ஒட்டினதுங் மச்சான். ரெண்டு மாசமாச்சு. காத்து ஒரு சொட்டுக் கொறையல."

"அது பெரியப்பா அடிக்கற காத்துங்ப்பா" என்று சொல்லிவிட்டேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. துண்டு சுற்றிய பம்பு, வால்பாறைக்குப் போன மூன்று நாள், அண்ணன் தொடாதது எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா சிரிக்க ஆரம்பித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தெனமுமா?"

"தெனமுந்தானுங்ப்பா."

மறுநாள் விடிகாலையில் நான் எழுந்து வந்தபோது அப்பா எனக்கு முன்னால் எழுந்திருந்தார். சைக்கிள் பக்கத்தில் வாளித் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பம்போடு வெளியே வந்த பெரியப்பா, தம்பியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இப்போது அழுவார்கள், கட்டிக்கொள்வார்கள், அப்பா மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

அப்பா டியூப்பை உருவிக்கொண்டே, "வெளிப்பக்கத்த மட்டுந்தான் பாத்தேனுங்ணா. ஒரு ஓட்டை கெடைச்சதும் உட்டுட்டேன்" என்றார்.

பெரியப்பா கோட்டைத் தாண்டி வந்து குந்தினார். "உள்பக்கம் கம்பி மொனை குத்தும். ரிம்மைத் தடவிப் பாரு."

அப்பா தடவினார். விரலை எடுத்துப் பார்த்தார். பிறகு எதிர்வீட்டைப் பார்த்து, "சாமி, இங்க வா. டியூப்பைப் புடி" என்று கூப்பிட்டார். அண்ணன் தூக்கக் கண்களோடு வந்து, தண்ணீருக்குள் டியூப்பைப் பிடித்துக்கொண்டான். மூவரும் குனிந்து பார்த்தார்கள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு கடுகு அளவில் ஒரு குமிழி எழுந்தது. பின்னால் இன்னொன்று. டியூப் துள்ளியதில் அண்ணன் கன்னத்தில் தண்ணீர் தெறித்தது. அப்பா தன் துண்டு நுனியால் அதைத் துடைத்துவிட்டார். துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

கம்பி முனையை அரத்தால் ராவினார்கள். ரிம்மைச் சுற்றிப் பழைய டியூப்பை நாடாவாக வெட்டிப் போட்டார்கள். டயரில் கண்ணாடி கிழித்திருந்த ஒரு சின்ன வெட்டைப் பெரியப்பா காட்ட, அதற்கு உள்ளே ஒரு துண்டு டயரை வைத்தார்கள். சொல்யூசன் எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை வந்தது. அம்மா யாரும் கேட்காமலே நாலு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தார். பத்திரிகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அறையைப் பற்றியும் இல்லை. அது பெரியப்பாவுக்குத் தெரியுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

காற்றடித்து முடித்ததும் அப்பா சைக்கிளை என்னிடம் தந்தார். தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். வாளியைச் சுற்றி அவர்கள் மூவரும் இன்னும் உட்கார்ந்துகொண்டு, எந்தச் சொல்யூசன் நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைப் பற்றியே பேசுகிறார்களே, சமாதானம் ஆகாமலே போய்விடுமோ என்ற கவலையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.