ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் லிபிய மன்னர்

போன மாதம் ஒரு சந்தை நாளில் ஜவ்வாது மலைக்குப் போய்வந்தேன். அருவி பார்க்கவோ தேன் வாங்கவோ அல்ல. லிபியாவில் பதினெட்டே ஆண்டுகள் நடந்த மன்னராட்சியைப் பற்றிப் பேசுவதற்காக. ஜமுனாமரத்தூரில் செல்வி டீச்சர் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறார். மாதம் ஒரு நாட்டின் கதை சொல்வது அதன் வழக்கம். சில மாதங்களாகக் கூட்டம் தேய்ந்துகொண்டே வந்தது. இந்த முறையும் ஆள் வராவிட்டால் வட்டத்தை மூடிவிடுவேன் என்று டீச்சர் போனில் சொன்னார். காலமெல்லாம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் அதைக் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார முடியுமா?

போளூரில் காலை ஏழரை பஸ். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு மணி நேரம், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். மலைவளைவில் தலை சுற்றுபவர்கள் முன் இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் இட்லியை இரண்டோடு நிறுத்துவது நல்லது. நான் நிறுத்தவில்லை.

பதினொரு மணிக்கு வட்டம் கூடும் அரங்கில் இருந்தவர்கள் நான்கு பேர். அதில் இருவர் நானும் டீச்சரும். தேதி வைத்தபோது சந்தை நாள் என்பதை டீச்சர் மறந்திருந்தார். மலைக்கிராமங்கள் எல்லாம் சந்தையில் இருந்தன. டீச்சரின் முகம் வாடிவிட்டது. “வுடுங்க சார், இத்தோட முடிச்சிக்கலாம்” என்றார்.

ஜன்னல் வழியே பார்த்தேன். எதிரே பஸ் நிறுத்தம். சந்தை முடித்தவர்கள் புளி மூட்டை, கோழிக்கூடை, புது பிளாஸ்டிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். இங்கே அடுத்த பஸ் வரும்வரை வேறு வேலை கிடையாது. வகுப்புக்குப் பிள்ளைகள் வராவிட்டால் மரத்தடிக்கு வகுப்பைக் கொண்டுபோவதில்லையா? வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் நிறுத்தத்தின் சுவரில் மாட்டினோம்.

முதல் ஐந்து நிமிடம் கோழிகள்தான் கவனித்தன. பிறகு ஓர் உதாரணம் சொன்னேன். இந்த ஜவ்வாது மலை ஒன்றுதான். ஆனால் ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம், புதூர்நாடு திருப்பத்தூர் மாவட்டம், பீஞ்சமந்தை வேலூர் மாவட்டம். லிபியாவும் அப்படி மூன்று பகுதியாக இருந்த நாடு. இத்தாலிக்காரர்கள் ஆண்டார்கள், உலகப்போரில் தோற்றார்கள். 1951இல் பகுதிக்கொரு தனி ஆட்சியை விட்டுவைத்து மூன்றையும் ஒரே நாடாக்கி, கிழக்குப் பகுதியின் மதத்தலைவர் ஒருவரை மன்னராக்கினார்கள். அப்போது அந்த நாட்டில் விற்பதற்கு இருந்தது காகிதம் செய்ய உதவும் ஒருவகைப் புல்லும், போர் விட்டுச்சென்ற பழைய இரும்பும். தலைநகரமோ இரண்டு.

புளி வாங்க வந்திருந்த வாணியம்பாடி பாய் ஒருவர் சிரித்தார். “நமக்கு ஒரு ராஜா வந்தா எங்க சார் உக்கார வெப்பீங்க?”

“இங்கதான்” என்றார் ஜமுனாமரத்தூர்க்காரர் ஒருவர். “அதெப்டி? புதூர்நாட்ல இன்னா கொறச்சல்?” என்று கோழிக்கூடை அம்மா கேட்டார். இரு தரப்புக்கும் ஆள் சேர்ந்தது. சண்டை சூடுபிடித்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

1959இல் எண்ணெய் கிடைத்ததைச் சொன்னேன். ஏழை நாடு பணக்கார நாடானது. நான்கு வருடத்தில் மூன்று பகுதிகளின் தனி ஆட்சியைக் கலைத்து எல்லாவற்றையும் ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்தார்கள். ஆனால் பணம் சிலர் கைகளிலேயே தங்கியது. கல்யாணப் பந்தியில் முதல் வரிசையிலேயே பாயசம் தீர்ந்துபோனால் கடைசி வரிசைக்காரன் எப்படி எழுந்துபோவான், அந்த முகத்தோடு நாடு இருந்தது. 1969 செப்டம்பரில் மன்னர் சிகிச்சைக்காக வெளிநாட்டில் இருந்தபோது இளம் ராணுவ அதிகாரிகள் படைமுகாம்களையும் வானொலி நிலையத்தையும் பிடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒன்றேகால் புதூர்நாடு பஸ் வந்து நின்றது. டீச்சர் என்னைப் பார்த்தார். கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். கண்டக்டர் இரண்டு முறை ஊர்ப்பெயரைக் கூவினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் இறங்கியே வந்துவிட்டார்.

“இன்னாங்க, யாரும் ஏறலியா?”

“இருப்பா. ராஜா ஊர்ல இல்லாத நேரம் பாத்து நாட்ட புடிச்சிட்டானுங்க” என்றார் கோழிக்கூடை அம்மா. “திரும்பி வர்றாரான்னு கேட்டுட்டு வர்றோம்.”

கண்டக்டர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு பஸ் பக்கம் திரும்பி, “அண்ணே, இன்ஜின நிறுத்துங்க” என்றார். “வந்தாரா சார்?”

வரவில்லை என்றேன். அவருக்காகத் தெருவில் இறங்கிப் போராட யாரும் வரவில்லை. கடைசிவரை அவர் வெளிநாட்டிலேயே வாழ்ந்து இறந்தார்.

“பாயசம் கெடைக்காதவன் எதுக்குங்க வருவான்?” என்றார் பாய். கைதட்டல் எனக்கா அவருக்கா என்று இன்றுவரை தெரியவில்லை. என் பணிக்காலத்தில் எந்த வகுப்பிலும் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. ஏறும்போது கோழிக்கூடை அம்மா அடுத்த மாதம் எந்த ராஜா என்று டீச்சரிடம் விசாரித்தார். டீச்சர் உடனே எகிப்து என்றார். குரலில் தயக்கமே இல்லை. கூட்டம் இனி எப்போதும் சந்தை நாளில்தான், பஸ் நிறுத்தத்தில்தான்.

நாடுகளின் கதை தொலைவில் நடந்தது என்று நினைப்பதுதான் நம்மைத் தூங்கவைக்கிறது. பக்கத்து ஊரின் பெயரை அதில் சேர்த்துப் பாருங்கள், யாரும் தூங்கமாட்டார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: தண்ணீரும் ஒரு மெல்லிய போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் சில்லறை இருக்கட்டும். காவலூர் வானாய்வகத்துக்குப் போவதானால் பார்வை நேரத்தை முன்பே விசாரித்துவிடுங்கள். புதூர்நாடு வழியாகத் திருப்பத்தூர் இறங்குவது அழகான பாதை. அந்த ஒன்றேகால் பஸ் வழக்கமாக நேரத்துக்குக் கிளம்பும். சந்தை நாளில் தாமதமானால் மட்டும் கண்டக்டரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் ஓர் இடம் பார்த்து உட்காருங்கள், ஏதோ ஒரு ராஜாவின் கதை பாதியில் இருக்கும்.