புகையில்லா அடுப்பும் பக்கத்து வீட்டுப் புகையும்

விறகை எப்படிச் சிக்கனமாக எரிப்பது என்று நான் கற்றுக்கொண்ட இடம் சென்னையில் ஒரு ஏசி ஹோட்டல். பட்டப்பகலில் அத்தனை விளக்கும் எரிய, மூன்று நாள் குளிரில் நடுங்கிக்கொண்டே புகையில்லா அடுப்பைப் பற்றிக் குறிப்பெடுத்தேன். நான் வேலை பார்த்த அறக்கட்டளைக்கு அந்த வருடம் எங்கிருந்தோ நிதி வந்திருந்தது. குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு எரிபொருளை மிச்சப்படுத்திக் கொடுக்க வேண்டுமாம். குன்றத்தூரில் எங்கள் வீட்டில் இரண்டு சிலிண்டர் இருந்தது. விறகடுப்பை நான் ஒருநாளும் ஊதியதில்லை. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை, நானும்தான்.

ஒரகடத்தைச் சுற்றிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வேலி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. விறகுக்கு முள் வெட்டப் போன இடமெல்லாம் வேலிக்குள் போய்விட்டது. அதற்குப் பதிலாக, மிஷின் வந்திறங்கிய மரப்பெட்டிகளை உடைத்துக் கட்டுக்கட்டாக விற்றார்கள். சேரப்பணஞ்சேரிப் பக்கம் லைன் வீடுகளில் எல்லாம் அந்தக் கட்டைதான் எரிந்தது. பிசின் பிடித்த மரம். பற்றவைத்தால் கண் திறக்க முடியாது.

எனக்குக் கொடுத்த லைனில் எட்டு அறைகள், எட்டுக்கும் சேர்த்து ஒரே சிமென்ட் ஷீட் கூரை. அறைகளுக்கு நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகவில்லை. தலைக்கு மேல் இரண்டடியில் நின்றுவிட்டது. சிக்கனத்தில் வீட்டுக்காரர் எங்களுக்கெல்லாம் முன்னோடி, செங்கல்லில் ஆரம்பித்திருந்தார். நாலாம் நம்பர் அறையில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். கம்பெனியில் பேக்கிங் வேலை. முதல் அடுப்பு அவளுக்குத்தான்.

புகைபோக்கிக்குக் கூரையில் ஓட்டை போட வேண்டும். வீட்டுக்காரர் குழாயையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஓட்டை போட்டா மழ உள்ள வரும். நீயா வந்து ஷீட்டு மாத்துவ?"

பூத்திலிருந்து எங்கள் இயக்குநருக்கு போன் போட்டேன். குழாயை முடிந்தவரை உயரமாக வை, போட்டோவில் கூரை தெரியாமல் பார்த்துக்கொள் என்றார். அப்படியே செய்தோம். குழாய் சுவரைத் தாண்டி, கூரைக்கு ஒரு சாண் கீழே நின்றது. புகை மேலே போகும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மேலே கூரை இருந்தால் அது எங்கே போகும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் படிவத்தோடு போனேன். விறகு பாதிதான் ஆகிறது, கண் எரிச்சல் இல்லை என்று அவள் சொன்னாள். ஆனால் குரலில் சந்தோஷம் இல்லை. நான் படிவத்தைப் பார்த்தேனே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குள் அஞ்சாம் நம்பர்க்காரி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். உள்ளூர்க்காரி. அதே கம்பெனியில் பெருக்கித் துடைக்கும் வேலை. இருவரும் ஷிப்ட்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு, வீட்டில் இருக்கிறவள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்கள். அவளுடைய பெண்ணுக்கு நாலு வயது, வீசிங் உண்டு. அன்றைக்கு அந்தச் சின்ன நெஞ்சு உள்வாங்கி உள்வாங்கி எழுந்ததை நான் பார்த்தேன்.

"இன்னா மேடம், அவ வூட்டுப் பொகைய என் வூட்டுக்குப் பைப்பு போட்டு வுட்டுக்கீறீங்க. கொயந்த ரெண்டு நாளா மூச்சு வாங்கிகினு கீது."

குழாயைக் கழற்றிவிடலாம் என்றாள் நாலாம் நம்பர்க்காரி. நிதி கொடுத்தவர்கள் வியாழக்கிழமை பார்வையிட வருகிறார்கள். அதுவரை மட்டும் பொறுத்துக்கொள், அப்புறம் எது வேண்டுமானாலும் செய்துகொள் என்று கெஞ்சினேன். ஆமாம், அந்தக் குழந்தை எதிரில் இருக்கும்போதே சொன்னேன்.

நாலாம் நம்பர்க்காரி என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"வியாழக்கெழம வரைக்கும் அந்தப் பிள்ள மூச்சு விடாம இருக்குமாக்கா?"

வாசலில் கிடந்த செங்கல்லை எடுத்து வந்து இரண்டே போடு. அடுப்பு உடைந்தது, குழாய் சாய்ந்தது. வெட்கப்பட வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. இலவசமாகக் கொடுத்தால் மதிப்புத் தெரியாது என்று என்னவோ கத்திவிட்டு வந்தேன். வியாழக்கிழமை வந்தவர்களை, பஞ்சாயத்துப் பிரமுகர் ஒருவர் எங்கள் திட்டத்திலேயே வாங்கித் தன் வீட்டுக் கொல்லையில் கட்டி வைத்திருந்த அடுப்புக்குக் கூட்டிப்போனோம். அவர் வீட்டில் கேஸில் சமையல். அதனால் அடுப்பு கரி படியாமல் பளிச்சென்று இருந்தது. வந்தவர்கள் பராமரிப்பைப் பாராட்டினார்கள்.

மாதக் கடைசியில் படிவத்தை முடிக்க மறுபடி லைனுக்குப் போக வேண்டியிருந்தது. பின்பக்கம், குளிக்கும் தடுப்பை ஒட்டி, தகரத்துக்கு அடியில் மூன்று கல் வைத்து ஒரே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஷிப்ட் இல்லாதவள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைக்கிறாள். முன்பு ஒரு வீட்டுக்கு ஆன கட்டையில் இப்போது இரண்டு வீட்டுச் சோறு வெந்தது. புகை வெளியோடு போனது. அந்தக் குட்டிப்பெண் தட்டை வைத்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலாம் நம்பர்க்காரி எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மறுநாள் இதையெல்லாம் இயக்குநரிடம் உற்சாகமாகச் சொன்னேன். நாம் கட்டிய அடுப்பு எங்கே என்று மட்டும் கேட்டார். படிவத்தில் ஒரு வீட்டுக்கு ஓர் அடுப்பு எழுதத்தான் இடம் இருந்தது. இரண்டு வீட்டுக்கு ஒன்று என்று எழுத இடமில்லை. அடுப்பைப் பயன்படுத்தாததற்குக் காரணம் எழுத மட்டும் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பயனாளிக்குப் போதிய விழிப்புணர்வு இல்லை.

கீழே என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கினார்கள்.