கறுப்பு டேப்புக்கு அடியில் எரிந்த விளக்கு

இன்று காலை மழையில், வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். சில்லுகள் நின்றன, கார் நிற்கவில்லை. முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஒரு சாண் இருக்கும்போது கடவுள் நேரில் இறங்கி வந்து பம்பரைப் பிடித்தார்.

நேரே மருதானை, பாரூக் நானாவின் கராஜ்.

"ஆறு வருசமா இந்தக் காரில ஒரு எச்சரிக்கை லைட்டும் எரிஞ்சதில்லை நானா," என்றேன், அரச பரம்பரையை அறிமுகப்படுத்தும் குரலில்.

அவர் டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தார்.

"ஏபிஎஸ் லைட்டுக்கு மேல கறுப்பு டேப் ஒட்டித்தான் உங்களுக்கு வித்திருக்காங்க அங்கிள். அடியில அது எரிஞ்சுகொண்டுதான் ஈக்குது."

"ஏன் எரியுது?"

"பின் சில்லு சென்சர் செத்துட்டு. சில்லு இறுகாம பாத்துக்கொள்றதுதான் ஏபிஎஸ். சில்லுட வேகம் தெரியாட்டி அதுட கம்ப்யூட்டர் ஒதுங்கிரும். சாதாரண பிரேக் புடிக்கும், ஆனா ஈரத்தில சில்லு இறுகினா வழுக்கும்."

"அப்ப புதுசு போடுங்கோ."

"இந்த மாடலுக்கு இப்ப வாறதில்ல. மழைக்கு எடுக்காதீங்க."

கொழும்பில், இந்த மாதத்தில், மழைக்கு எடுக்காமல்! நாளை காலை மகளின் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு ஏற்ற வேண்டியவன் நான்.

"டேப்பைத் திரும்ப ஒட்டவா?" என்று நானா கேட்டார். வேண்டாம் என்றேன். விளக்கு இப்போது கொச்சிக்கடைத் திருவிழாவைப் போல ஜொலிக்கிறது. கார் பழையபடிதான் வழுக்கும்.

தங்கள் காரில் ஒரு விளக்கும் எரிவதில்லை என்று பெருமைப்படும் நண்பர்களே, சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒருமுறையாவது எரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். தனியாக வழுக்கப் பயமாக இருக்கிறது.