அடுப்பை அணைக்கச் சொல்லும் சிஸ்டர்

“அடுப்புல என்ன?” என்று கேட்டார் சிஸ்டர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி.

“வெங்காயம் வதங்குது,” என்றாள் அம்மா.

“அணைச்சிடுங்கக்கா. அந்த ஜன்னலையும் திறந்து விடுங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். வெங்காயம் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று நினைத்திருப்பாள். மறுபேச்சில்லாமல் அணைத்துவிட்டு வந்தாள். கட்டிலில் காலை நீட்டிக் கிடந்த அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது.

“சிஸ்டர் பசியோட வந்திருக்காங்க போல. ஒரு தட்டு வை.”

“வயித்துக்குப் பசி இல்லண்ணா. உங்க கால மோந்து பாக்கணும். நடுவுல வெங்காயம் வந்து நின்னா எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“என் காலையா? பஸ் ஓட்டுன காலு அது. ஷூவக் கழட்டுனா கண்டக்டரே இறங்கிப் போயிடுவான்.”

“நான் போகமாட்டேன். வாங்குற சம்பளமே அதுக்குத்தான்.”

சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே பரப்பினார். அப்பாவின் பாதத்தைச் சுற்றி நான் போட்டிருந்த கட்டை இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“யாரு கட்டுனது?”

“நான்தான்.”

“அழகா இருக்கு பாப்பா. வெளியூருக்கு அனுப்புற பார்சல் மாதிரி.”

அம்மா எனக்குப் பரிந்து வந்தாள். “தினம் காலையில அவுத்து வெயில்ல கொஞ்ச நேரம் காட்டிட்டுத்தான் கட்டுறா. காத்தாட இருந்தா சீக்கிரம் காயும்னாங்க.”

“யாரு சொன்னாங்க?”

“எல்லாரும்தான்.”

“அந்த எல்லாருல யாராவது நாளைக்குக் கால் குடுப்பாங்களாக்கா?” குரலில் கோபமில்லை. கத்தரிக்கோல் மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடியது. “காயவைக்க இது வத்தல் இல்ல. ஈரம் கொஞ்சம் இருந்தாத்தான் புதுத் தோல் நகர்ந்து வரும். வெயில்ல வச்சா வர்ற தோலும் வெந்துடும்.”

பிறகு குனிந்தார். அப்பா சிரிக்கத் தயாராக இருந்தார். சிஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“இப்போதைக்குப் பரவால்ல,” என்றார் சிஸ்டர்.

அந்த ‘இப்போதைக்கு’ அன்று முழுவதும் எங்கள் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது.

எங்கள் வட்டாரச் சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ் அவர். அப்பாவின் கதை சின்னது. ஷூவுக்குள் கிடந்த ஒரு கல்லின் மேல் நாள் முழுவதும் பிரேக் மிதித்திருக்கிறார். சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்ததால் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றியபோது அதில் இருந்த ரத்தக் கறையைப் பார்த்து, “யார் மேலயோ ஏத்திட்டேனா?” என்று கேட்டார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புண் எலும்பு வரை போகாமல் பார்த்துக்கொண்டால் கால் முழுசாக இருக்கும். போய்விட்டால் பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டிவரும். முன்பாதி இல்லாத கால் பிரேக்கை எப்படி மிதிக்கும் என்று அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சிஸ்டருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. ஒடிசலான உடம்பு, நீளமான கைகள். தலையில் பூ இல்லை. முகத்தில் பவுடர் இல்லை. வாசனை சோப்புப் போடுவதில்லை. துணி துவைக்கிற கட்டி சோப்பில்தான் குளிக்கிறார் என்று அப்பா சத்தியம் செய்வார். சென்ட் போட்டுக்கொண்டு வருகிற தன் மருமகளோடு சிஸ்டர் ஸ்கூட்டரில் ஏறமாட்டாராம். “அவ பாட்டுக்கு மல்லியத் தெளிச்சுட்டு வர்றா. அன்னைக்குப் பூராவும் எனக்கு எல்லாப் புண்ணும் மல்லியாத்தான் இருக்கு.” அப்பா அவருக்கு ‘மூக்கு சிஸ்டர்’ என்று பெயர் வைத்தார். அது அவர் காதுக்கும் எட்டியது. “மூளை சிஸ்டர்னு வச்சிருந்தாத்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்,” என்றார்.

அவருடைய தோள்பையில் இரண்டு பக்கம். ஒரு பக்கம் ஈரத்தைக் குடிக்கிற சரக்கு, இன்னொரு பக்கம் ஈரத்தைக் கொடுக்கிற சரக்கு. “கசியுற புண்ணுக்குக் குடிக்கறது, வறண்ட புண்ணுக்குக் குடுக்கறது. மாத்திப் போட்டா ரெண்டும் கெட்டுது,” என்பார். குடிக்கிற பக்கத்தில் மெத்தை போன்ற ஃபோமும், கடல்பாசியிலிருந்து எடுத்த நூலால் ஆன வெள்ளைத் துண்டுகளும் இருக்கும். கொடுக்கிற பக்கத்தில் ஜெல். சிராய்ப்புக்கும் தீப்புண்ணுக்கும், உரிக்கும்போது தோலையும் சேர்த்து இழுக்காத, எண்ணெய்ப் பசை தோய்த்த வலைத்துணி. எங்கள் தெருவிலேயே ஒருவர் காலில், ரத்த ஓட்டம் நின்று, நிலக்கரிபோலக் காய்ந்த ஒரு விரல் இருக்கிறது. அதற்கு மட்டும் எதையும் கொடுக்கமாட்டார். உலர்ந்த துணியைச் சுற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக எழுந்துவிடுவார். “தூங்குறத எழுப்பக் கூடாது.”

அப்பாவின் புண் கசிகிற புண். பாசிதான் கிடைத்தது. அடுத்த வீட்டு வாத்தியாருக்கு வெள்ளி கலந்த கட்டு என்று கேள்விப்பட்டு முறுக்கிக்கொண்டார்.

“அவருக்கு வெள்ளி, எனக்குப் பாசியா? டிரைவர்னா அவ்வளவுதான், இல்ல?”

“வெள்ளி, கிருமி ஏறுன புண்ணுக்குண்ணா. உங்களுக்கு அந்த நிலைமை வர வேணாம். வெள்ளிதான் வேணும்னா அக்காவோட கொலுச வாங்கிக் கட்டிக்கங்க.”

அந்தப் பாசிக்கட்டை முதல் தடவை அவிழ்த்தபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே வெள்ளைத் துண்டைக் காணோம். பழுப்பும் பச்சையுமாக ஒரு கூழ் இருந்தது. “சீழ் புடிச்சிருச்சு,” என்றாள். சிஸ்டர் அதை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். “சீழ் இல்லக்கா. குடிச்ச தண்ணியில ஊறிக் குழைஞ்சிருக்கு. அதோட வேலையே அதுதான்.” அம்மாவுக்கு உயிர் வந்தது. எனக்கு வரவில்லை. கெட்டதுபோல் இருப்பது நல்லதாக இருக்கலாம் என்றால், நல்லதுபோல் இருப்பது?

அவிழ்த்த கட்டைக் குப்பைக்குப் போடுவதற்கு முன்னால் விரிப்பில் பிரித்துப் போட்டுப் பார்ப்பார், ஜாதகம் பார்க்கிறவர்போல. புண்ணைவிட அதைத்தான் அதிக நேரம் பார்ப்பார். ஈரம் எந்த ஓரம் வரை போயிருக்கிறது, எந்தப் பக்கம் நிறம் மாறியிருக்கிறது, தோலின் விளிம்பு வெகுநேரம் தண்ணீரில் கிடந்த விரல் நுனிபோல வெளுத்துச் சுருங்கியிருக்கிறதா. அப்படி வெளுத்திருந்தால் அடுத்த தடவை இன்னும் அதிகம் குடிக்கிற சரக்கு. புது நிறுவனத்தின் பாக்கெட் வந்தால் அதற்குள் இருக்கும் தாளை என்னிடம் நீட்டுவார். இரண்டு மொழியில் அச்சடித்திருப்பார்கள். நான் இரண்டிலும் படித்தவள் என்பதால் இரண்டையும் படிக்க வேண்டும்.

“ரெண்டும் ஒண்ணுதான் சிஸ்டர்.”

“படி பாப்பா. ஒண்ணுல சொல்ல மறந்தத இன்னொண்ணுல சொல்லியிருப்பான்.”

‘யாருக்குப் போடக்கூடாது’ என்ற பத்தி வந்ததும் கையை உயர்த்துவார். மறுபடி படிக்க வேண்டும். சில சமயம் மூன்றாவது முறையும்.

விடைபெற்றுப் போன பிறகுதான் வேடிக்கை. படியிறங்குகிற சத்தம் பாதியில் நிற்கும். திரும்பி ஏறிவருவார். அப்பாவின் கால்விரல் நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். கட்டு இறுகிவிட்டதோ என்ற பயம். “அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடிதான சிஸ்டர் பாத்தீங்க,” என்பார் அப்பா. “அப்போ நான் கட்டி முடிச்ச தெம்புல பாத்தேன்,” என்பார். சிலநாள் தெருமுனை வரை போய்த் திரும்பியதும் உண்டு. ஸ்கூட்டரை அணைக்காமலேயே கீழேயிருந்து கூப்பிடுவார்: “பாப்பா, நகம்?” நான் அழுத்திப் பார்த்துவிட்டு மாடியிலிருந்து தலையாட்ட வேண்டும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை அவராகவே ஒருநாள் சொன்னார், கையைக் கழுவிக்கொண்டே, குழாயைப் பார்த்தபடி. வேறொரு தெருவில் ஒரு தையல்காரர். குதிகாலில் ஆழமில்லாத, சுத்தமான புண். அதற்கு, தோல் நிறத்தில் ஒட்டிக்கொள்கிற ஒரு பட்டையைப் போட்டிருக்கிறார். அந்த மாதிரிப் புண்ணுக்கு அதுதான் பொருத்தம். இன்றைக்கும் அதைத்தான் போடுவாராம். ஆனால் அந்தப் பட்டைக்குள் சேர்கிற கூழுக்கென்றே ஒரு நாற்றம் உண்டு. உரித்தபோது நாற்றம் வந்தது.

“பட்டையோட வாசம்னு நெனச்சேன். எத்தனையோ தடவ பட்டையோடதுதான். அன்னைக்குக் கழுவிட்டு இன்னொரு தடவ மோந்திருக்கணும். பட்டையோடதுன்னா தண்ணியோட போயிடும். புண்ணோடதுன்னா போகாது. அவசரம். அடுத்த வீட்டுல ஒரு குழந்தை, கையச் சுட்டுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்துச்சு. புதுப் பட்டைய ஒட்டிட்டு ஓடிட்டேன்.”

“அவருக்கு?” என்றேன்.

“மெஷின இப்ப ஒத்தக் காலால மிதிக்கிறாரு. என்னப் பாத்தா இன்னும் சிரிக்கிறாரு, அதான் தாங்கல.”

அன்றிலிருந்து எல்லாப் புண்ணையும் இரண்டு முறை மோந்து பார்க்கிறார். கட்டை அவிழ்த்ததும் ஒரு முறை, உப்புநீரால் கழுவித் துடைத்த பிறகு ஒரு முறை. இரண்டாவது முறை குனியும்போது கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டோம். அப்பாகூட.

மழை விடாமல் பெய்த ஒரு வாரம் அவர் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார்கள். அவருக்குப் பதிலாக வர வேண்டியவரும் வரவில்லை. கட்டை மாற்ற வேண்டிய நாள் கடந்து போயிற்று. அவிழ்க்கலாமா வேண்டாமா என்று அம்மாவும் நானும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். தொடப் பயம், தொடாமலிருக்கவும் பயம். அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் வந்தபோது முகத்தில் மாஸ்க் இருந்தது. குரல் கட்டியிருந்தது. அம்மா அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். படியேறும் சத்தம் கேட்டதுமே கரண்டியோடு திரும்பி, வழக்கமான கேள்விக்காகக் காத்து நின்றாள். சிஸ்டர் சமையலறை வாசலைக் கடந்து நேராக அப்பாவிடம் போய் உட்கார்ந்தார். கேள்வி வரவில்லை. எண்ணெய் சடசடத்தது. வீடே வெங்காயமாக மணந்தது. சிஸ்டர் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

“என்ன சிஸ்டர், இன்னைக்கு வெங்காயத்தோட ராஜியா?” என்றார் அப்பா.

கத்தரிக்கோல் நின்றது. தலையைத் தூக்கி, முதலில் அப்பாவைப் பார்த்தார், பிறகு சமையலறையை, பிறகு என்னை.

“அடுப்புல என்ன?” என்றார்.

அன்று அவர் அதைத் தெரியாமல்தான் கேட்டார்.

அம்மா ஓடிப்போய் அணைத்தாள். நான் ஜன்னலைத் திறந்தேன். சாரல் உள்ளே விழுந்தது. யாரும் மூடச் சொல்லவில்லை. சிஸ்டர் பழைய கட்டைப் பிரித்துப் போட்டார். ஈரம் ஓரத்தையும் தாண்டிப் போயிருந்தது. அத்தனை நாள் மாற்றாமல் கிடந்ததாலும் இருக்கலாம். புண்ணின் மேல் விளிம்பில் ஒரு சிவப்பு. கட்டு அழுத்தியதாலும் இருக்கலாம். புறங்கையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “என் கையே சுடுது,” என்று தனக்குள் சொன்னார். உப்புநீரை ஊற்றிக் கழுவினார். துடைத்தார். மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

“அக்கா, ஜன்னல் பக்கம் தண்ணி சேருது பாருங்க,” என்று அம்மாவை அனுப்பினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“காய்ச்சல்ல மூக்கு போயிடுச்சு பாப்பா. காபியும் வெந்நீரும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு. டாக்டர்கிட்ட எப்படியும் காட்டிடலாம். இன்னைக்கே, இப்பவே தூக்கிட்டுப் போகணுமா, நாளைக்குக் காலையில போனாப் போதுமான்னு தெரியணும். கழுவியாச்சு. வெங்காயம் போகட்டும், அவசரமில்ல. அப்புறம் கிட்ட வந்து மோந்து பாரு.”

நான் நகரவில்லை. அப்பா என்னைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருந்தா இருக்குன்னு சொல்லு. எனக்காக இல்லைன்னு சொல்லிடாத, அம்மாவுக்காகவும் சொல்லிடாத,” என்றார் சிஸ்டர். “இது உங்கப்பா காலுன்னு நெனைக்காத பாப்பா. யாரோ ஒருத்தரோட காலுன்னு நெனச்சுக்க.”

சொல்லிவிட்டுத் தரையில் எனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையிலும் அப்பாவின் குதிகாலை ஏந்தி, என் பக்கமாக உயர்த்திப் பிடித்தார்.