ஓட்டப் பந்தயத்துக்கு வாங்கிய லென்ஸ்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தேன், அவ்வளவுதான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. ஒரு கடிதம் எழுதுவதற்கே இரண்டு தாளைக் கிழிப்பவன். ஆனால் ஒரு படத்தைப் பற்றியும் அதை எடுத்த லென்ஸைப் பற்றியும் முழுதாகத் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். அதனால் துணிந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவில் வெள்ளைக்காரன் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் நான் குருண் என்ற சின்ன ஊரில் ஒரு போட்டோ கடையில் வேலை பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. முதலாளி ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். கடை நன்றாக ஓடியதற்குக் காரணம் அடையாளக் கார்டு. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படம் ஒட்டிய கார்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. ஒவ்வொரு எஸ்டேட்டாகப் போய், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் கொட்டகையில் பெஞ்சு போட்டு, நான்கு பேரை ஒரே படத்தில் எடுப்போம். கடைக்கு வந்து தலை தலையாக வெட்டுவோம்.

வருடத்துக்கு ஒரு முறை பக்கத்துப் பக்கத்து எஸ்டேட் பள்ளிக்கூடங்கள் இரண்டு சேர்ந்து விளையாட்டுப் போட்டி நடத்தும். அதற்கும் எங்கள் கடைதான் படம் எடுக்கும். துருத்தி வைத்த பழைய கேமராவில் ஓடுகிறவனை எடுக்க முடியாது. எடுத்தால் புகை மாதிரி ஒரு கோடுதான் விழும். ஆகையால் பந்தயத்துக்கு முன்பே பிள்ளைகளைக் கோட்டில் நிறுத்தி, ஓடுவது போல் ஒரு காலை முன்னால் வைக்கச் சொல்லி, அசையாமல் இருக்க வைத்து எடுப்போம். முடிந்ததும் கப்போடு இன்னொன்று. இதுதான் வழக்கம்.

பிள்ளைகளை அதட்டி நிறுத்த எனக்கு வராது. நான் சொல்வது முன்வரிசைக்குக்கூடக் கேட்காது. "அண்ணே, சத்தமே வரல. பிலிம் வாயில மாட்டிக்கிச்சா?" என்று கேலி செய்வார்கள். யாரிடமும் பேசாமல், தூரத்தில் நின்று, ஓடுகிறவனை ஓடும்போதே பிடிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அப்படித்தான் வந்தது.

முதலில் கேமரா மாறியது. சீமைக்குத் திரும்பிய ஒரு எஸ்டேட் துரையின் சாமான்கள் அலோர் ஸ்டாரில் விற்பனைக்கு வந்தபோது முதலாளி ஒரு சின்ன ஜெர்மன் கேமரா வாங்கினார். ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடும் ஷட்டர். படத்தில் ஓட்டம் அப்படியே உறைந்து நின்றது. ஆனால் தூரத்திலிருந்து எடுத்தால் பிள்ளைகள் எறும்பு போலத் தெரிந்தார்கள். அந்தக் கேமராவுக்கு நீளமான லென்ஸ் ஒன்று உண்டு என்று விலைப்பட்டியலில் பார்த்தேன். வாயால் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை மடித்து முதலாளியின் மேசையில் வைப்பேன், அவர் நிமிர்ந்தால் எடுத்துவிடுவேன். இது நாலைந்து மாதம் நடந்தது.

ஒரு நாள் அவரே சொன்னார்: "கேட்டாத்தான் என்னலா? வாயைத் தொறந்தா வாடகை குடுக்கணுமா?"

லென்ஸ் வந்தது. ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குழாய். கடை வாசலில் உட்கார்ந்து, வளைவில் திரும்பும் சைக்கிள்களை எடுத்துப் பழகினேன். மூன்று பிலிம் சுருள் வீணானது. ஓடி வருகிறவனைத் துரத்திக் குறி வைக்கக்கூடாது. அவன் வந்து சேரப்போகும் இடத்தில் முன்பே லென்ஸைத் திருகித் தெளிவை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று அதற்குள் புரிந்துவிட்டது.

இனி அந்தப் பையனைச் சொல்ல வேண்டும். லென்ஸ் வருவதற்கு இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் எஸ்டேட்டில் கார்டுக்குப் படம் எடுத்தபோதுதான் அவனை முதலில் பார்த்தேன். தாய் இல்லாத பிள்ளை. தகப்பன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். பையன் பெஞ்சில் உட்கார வந்தான். தகப்பன் அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"இவனுக்கு இன்னும் பன்னெண்டு ஆகல தம்பி. அடுத்த வருசமும் ஓடணும்ல?" என்று கண்ணடித்தார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் நூறு கஜ ஓட்டத்தில் அந்த எஸ்டேட்டுக்குக் கப்பு வாங்கித் தந்தவன் அவன். பன்னிரண்டு முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. அது தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆள் குள்ளம், ஒல்லி. வயதைக் குறைத்துச் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கப்பு ஆபீஸ் அலமாரியில் இருந்தால் வாத்தியாருக்குப் பெருமை, கணக்கெழுதும் கிராணிக்குப் பெருமை, துரைக்கும் பெருமை. கார்டு இல்லாமல் இருப்பது குற்றம் என்று அந்தச் சிரிப்புக்கு நடுவில் யாரும் நினைக்கவில்லை.

பிறகு காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போகக் கூடாது என்று எஸ்டேட்டைச் சுற்றி முள்வேலி வந்தது. கேட்டில் பெரியவர்கள் கார்டைக் காட்ட வேண்டும், உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகளைச் சும்மா விட்டுவிடுவார்கள். அவனும் பள்ளி விட்டதும் சின்னப் பிள்ளைகளோடு கேட்டைத் தாண்டி, தகப்பனின் மரங்களில் பால் வடிய மாட்டியிருக்கும் மங்குகளைத் துடைக்கப் போவான். இரண்டு வருடம் அப்படிப் போய் வந்தான். மூன்றாம் வருடப் போட்டிக்குப் பத்து நாள் முன்பு வேலிக்கு வெளியே அரிசி புதைத்து வைத்திருந்ததைப் போலீஸ் கண்டுபிடித்தது. காட்டில் இருப்பவர்களுக்கு யாரோ கொண்டுபோகிறார்கள் என்று லயம் லயமாகச் சோதனை நடந்தது.

போட்டியை நிறுத்தவில்லை. ஊரடங்குக்கு முன் எல்லாரும் வீடு சேர வேண்டும் என்று மத்தியானத்துக்குள் முடிக்கச் சொன்னார்கள். திடலைச் சுற்றித் துப்பாக்கியோடு கான்ஸ்டபிள்கள் நின்றார்கள். நான் முடிவுக் கயிற்றிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி, கயிற்றில் தெளிவை வைத்துவிட்டு மண்டியிட்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் முதலாவதாக வந்தான். இரண்டு கையையும் மேலே தூக்கி, நெஞ்சால் கயிற்றைத் தொட்ட நொடியில் அழுத்தினேன்.

அன்று இருட்டறையில் அந்தப் படம் மேலெழுந்து வந்ததும் தட்டின் மேல் குனிந்து பார்த்தேன். கயிற்றின் பிரி தெரிந்தது. கால் விரலில் ஒட்டிய புல் தெரிந்தது. மேல் உதட்டில் பூனைமுடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கை தூக்கியிருந்ததால் கக்கத்து முடியும் தெரிந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். லென்ஸை மட்டும்தான் மெச்சினேன்.

முதலாளி கண்ணாடிப் பெட்டியிலிருந்த கல்யாணப் படத்தை எடுத்துவிட்டு இதை வைத்தார். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கூடிவிட்டார்கள்.

"இவனா பன்னெண்டு வயசுக்குள்ள? அடுத்த வருசம் பொண்டாட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுவான்லா!"

மூன்றாம் நாள் தோற்ற எஸ்டேட்டின் பள்ளி வாத்தியார் கடைக்குள் வந்தார்.

"இதே படம் பெருசா ஒன்னு போட்டுக் குடுங்க தம்பி. கக்கம் நல்லா விழணும்."

"எதுக்கு சார்?"

"வேற எதுக்கு? கப்பத் திருப்பி வாங்கத்தான். மூனு வருசமா நம்ம பிள்ளைங்க அழுதுகிட்டு வீட்டுக்குப் போவுதுங்க."

அவர் கேட்டதில் தப்பில்லை. நான் எடுத்த படத்தைப் பெரிதாகக் கேட்டு வந்த முதல் ஆள் அவர். சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தேன்.

வாத்தியார் படத்தோடு ஒரு புகாரை எழுதிப் பையனின் எஸ்டேட் துரைக்கு அனுப்பினார். துரை அதைச் சோதனைக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டரிடம் வேடிக்கையாகத்தான் காட்டினாராம். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பன்னிரண்டுக்கு மேல் என்றால் இவனுடைய கார்டு எங்கே என்று கேட்டார். கார்டு இல்லாத ஒருவன் சின்னப் பிள்ளை என்ற பேரில் இரண்டு வருடமாகச் சோதனை இல்லாமல் கேட்டைத் தாண்டியிருக்கிறான். அரிசியும் வேலிக்கு வெளியேதான் கிடைத்தது.

என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் நான் போட்ட படம் இருந்தது. பிறப்புப் பத்திரம் ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்துவிட்டதாகத் தகப்பன் சொல்லியிருந்தார். படத்தில் கறுப்பாகத் தெரிவது நிழல் என்றும் சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், மரியாதையாகத்தான் பேசினார். நிழலா, முடியா என்று கேட்டார். நான் மேசையிலிருந்த படத்தை நேராக நகர்த்தி வைத்தேன். முகத்தையும் கையையும் மட்டும் பெரிதாக்கி நாளை மாலைக்குள் கொண்டு வா என்றார்.

மறுநாள் காலை தகப்பன் கடையின் பின்வாசலில் நின்றார். மரம் வெட்டும் உடுப்பிலேயே வந்திருந்தார். சட்டையில் பால் காய்ந்திருந்தது.

"தம்பி, கலங்கலா போட்டுக் குடு. பழைய கேமராவுல வருமே, அந்த மாதிரி."

"அண்ணே, அவங்ககிட்ட ஏற்கனவே ஒரு படம் இருக்கே."

"அதுல ஆளு முழுசா இருக்கான். கறுப்பா ஏதோ தெரியுது, அவ்ளோதான். நீ பெருசாக்குனதும் கலங்கிப்போச்சுன்னா நிழல்தான்னு விட்டுருவாங்க. உனக்கென்னப்பா, கைய கொஞ்சம் ஆட்டுனாப் போதும்."

நான் பின்கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கம் வந்தேன்.

"அவன் அரிசி தூக்கலப்பா. ஓடத்தான் ஓடுனான். நான்தான் வயசக் கொறச்சேன். ரெண்டு பேரையும் கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிருவாங்களாம், கிராணி சொல்றாரு. அங்க எங்களுக்கு யாரு இருக்கா? அவன் அந்த ஊரக் கண்ணால பார்த்ததுகூட இல்ல."

"பாக்கிறேண்ணே" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இருட்டறையில், படத்தைப் பெரிதாக்கும் பெருக்கியின் திருகைக் கொஞ்சம் திருப்பினேன். மீசையும் கக்கமும் புகையாகக் கரைந்தன. உண்மையாகவே நிழல் போல இருந்தது. ஒன்று போட்டு ஈரத்தோடு கம்பியில் தொங்கவிட்டேன். முதலாளி வந்து அதைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டியிலிருக்கும் படம் அவ்வளவு தெளிவாக இருக்கும்போது இது ஏன் கலங்கியது என்று அவர் கேட்கவில்லை.

"கண்டுபிடிச்சான்னா கடைய மூடிருவான். ஒன்னைய உள்ள வச்சிருவான்" என்றார். கதவில் கை வைத்தார். "நான் ஒன்னும் சொல்லலப்பா. நீயே முடிவு பண்ணிக்க." கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து இன்னொன்று போட்டேன். இரண்டையும் ஒரே உறையில் வைத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன். வழியெல்லாம் கலங்கலானதைத்தான் கொடுக்கப்போவதாக நினைத்தேன். இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். நான் தெளிவான படத்தை எடுத்துக் கொடுத்தேன். யாரும் என்னை அதட்டவில்லை. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பாகுஸ்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி வந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வெளியே பெஞ்சில் தகப்பன் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"குடுத்துட்டியா தம்பி?"

"குடுத்துட்டேண்ணே."

"நல்லா இருப்ப" என்றார். என் தோளைத் தொட்டார். உள்ளிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். கலங்கலான படம் என் சட்டைக்குள் உறையில் இருந்தது.

தகப்பன் அன்றிலிருந்து உள்ளேயே இருந்தார். பல மாதம் தடுப்பு முகாமில் வைத்திருந்துவிட்டு, கிராணி சொன்னது போலவே இருவரையும் கப்பலேற்றினார்கள். நாகப்பட்டினத்தில் இறங்கினார்கள் என்பது வரை கேள்விப்பட்டேன். அரிசியைப் புதைத்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. கப்பு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அந்த வாத்தியார் ஒரு முறை கடைக்கு வந்து ஒன்றும் வாங்காமல் வெகுநேரம் நின்றார். "நான் கப்பத்தான் கேட்டேன் தம்பி" என்றார். நான் தலையாட்டினேன்.

லென்ஸை நான் தூக்கிப் போடவில்லை. அதற்குப் பிறகும் பல போட்டிகளுக்கு அதைத்தான் கொண்டுபோனேன். நல்ல லென்ஸ். பிள்ளைகள் கை தூக்கினால் மட்டும் அழுத்த மாட்டேன்.

ஸ்டேஷனில் படம் கொடுத்த மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் பையனைக் கடைக்கு அழைத்து வந்தார். பன்னிரண்டு தாண்டியது உறுதியாகிவிட்டதால் அடையாளக் கார்டுக்கு நேர்முகமாக ஒன்று எடுக்கச் சொன்னார். பழைய கேமராவில் எடுத்தேன். நான்கு காப்பி போட்டுக் கொடுத்தேன்.