ராசாக்கள் நகராத நாள்

“…நல்லாத்தான நடந்துச்சு, இப்ப ஏம்ளா அந்தப் பொம்மை நின்னுட்டு?” தியேட்டர் இருட்டில் அம்மா பதறினாள். திரையில் அந்தப் பொம்மையின் கம்பளிச் சட்டையில் நூல் பிரிந்திருந்ததுகூட அழகாகத் தெரிந்தது.

“கையால கொஞ்சங்கொஞ்சமா நகத்தித்தாம்மா படம் எடுக்காவ” என்றேன்.

அம்மாவும் அப்படி நகர்த்தியவள்தான். நான் சிறுமியாக இருந்தபோது, ஒரு கிறிஸ்துமஸுக்கு முன் அப்பா சரக்குத் தோணியில் மாலத்தீவு போயிருந்தார். குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராசாக்களின் பொம்மைகள் ஜன்னலில் இருந்தன; அம்மா அவற்றைத் தினமும் ஒரு விரற்கடை கிறிஸ்துமஸ் குடில் பக்கம் தள்ளிவைப்பாள். “ராசாக்க வந்து சேந்தா அப்பாவும் வந்துருவாவ.”

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய அன்று அவள் கடற்கரையிலேயே நின்றுவிட்டாள். ராசாக்கள் நகரவில்லை. அப்பாவின் தோணியும் நடுக்கடலில் அப்படியே நிற்கிறது என்று நடுங்கினேன்.

அப்பா பத்திரமாகத்தான் வந்தார். ஆனாலும் அன்றிலிருந்து அசையாமல் நிற்கிற எதையும் அம்மாவுக்குப் பார்க்கப் பொறுக்காது.

திரையில் பொம்மை இன்னும் நின்றது. அம்மா நாற்காலிக் கைப்பிடியில் இருந்த பாப்கார்ன் டப்பாவை ஒரு விரற்கடை முன்னால் தள்ளிவைத்தாள்.